அசோகனோட தூணை யாராலயும் படிக்க முடியல, சாஞ்சி வேலிக்கல்லுதான் படிக்க வச்சது

மறந்துபோன எழுத்தைப் படிச்ச கதைன்னு பேச்சு வந்தாலே எல்லாரும் எகிப்தோட ரொசெட்டா கல்லுலதான் போய் நிப்பாங்க, ஒரே சேதி கிரேக்கத்துலயும் எகிப்திய எழுத்துலயும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருந்துச்சு, தெரிஞ்சதை வச்சு தெரியாததைப் பிடிச்சுட்டாங்க. ஆனா நாம இன்னிக்கு எழுதுற தமிழ் உட்பட இந்தியாவோட பெரும்பாலான எழுத்துக்குத் தாய் பிராமி, அதை எப்படிப் படிச்சாங்கன்னு கேட்டா ஜேம்ஸ் பிரின்செப்புங்கிற பேரும் 1837ங்கிற வருஷமும் தெரியும், அதோட நின்னுடும். ஸ்கூல் புத்தகத்துல ஒரே வரியில முடிச்சுடுறாங்க. எனக்கு இந்த கேஸ் மேல பல வருஷமா ஒரு பிடிப்பு உண்டு, காரணம் என்னன்னா இதுல பூட்டைத் திறந்தது பேரரசனோட பெரிய தூணு கிடையாது, ஒரு ஸ்தூபியைச் சுத்தி இருந்த கல்வேலியில சாதாரண ஜனங்க அவங்கவங்க பேரைப் பொறிச்சு வச்ச அரை வரி, ஒரு வரி. அதை முதல்லேர்ந்து வரிசையா எழுதிப் பாக்குறேன்.

தூணு நின்னுச்சு, படிக்க ஆள் இல்ல

டெல்லி ஃபிரோஸ் ஷா கோட்லாவுல இடிஞ்ச கட்டடத்து மேல இன்னிக்கும் ஒரு வழவழப்பான கல்தூண் நிக்குது பாருங்க, அது அந்த ஊர் தூணே இல்ல. 14ஆம் நூற்றாண்டுல சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் இப்போ ஹரியானாவுல இருக்கிற தோப்ராங்கிற கிராமத்துலேர்ந்து கொண்டுவந்தது. எப்படிக் கொண்டுவந்தாங்கன்னு அந்தக் காலத்து வரலாறு எழுதினவர் விவரமா எழுதி வச்சிருக்கார், தூணைச் சுத்தி இலவம்பஞ்சு குவிச்சு அது மேல மெதுவா சாய்ச்சு, நாணலும் பச்சைத் தோலும் சுத்தி, 42 சக்கர வண்டியில ஏத்தி, சக்கரத்துக்கு ஒரு கயிறு கட்டி ஆளுங்க இழுத்து, யமுனையில படகுல மிதக்க விட்டு டெல்லி சேர்த்தாங்க. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த சுல்தானுக்கு அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுக்க ஆசை இருக்காதா, பண்டிதர்களைக் கூப்பிட்டுக் கேட்டார், ஒருத்தராலயும் முடியல. அதாவது அசோகன் காலத்துலேர்ந்து சுமார் 1600 வருஷத்துக்குள்ள அந்த எழுத்து நாட்டுக்கே அந்நியமாயிடுச்சு. 17ஆம் நூற்றாண்டுல தாமஸ் கோர்யட்ங்கிற ஆங்கிலேயப் பயணி இதைப் பாத்துட்டு கிரேக்க எழுத்து, அலெக்சாண்டர் நட்டது அப்படின்னே ஊருக்குக் கடிதம் எழுதிட்டார். அவரையும் குத்தம் சொல்ல முடியாது, பிராமியில க ஒரு கூட்டல் குறி, ந தலைகீழா நிக்கிற ஆங்கில டி, இன்னொரு எழுத்து வெறும் வட்டம், தூரத்துலேர்ந்து பாத்தா கிரேக்கம் மாதிரிதான் தெரியும்.

இது மாதிரி தூணும் பாறையும் வடக்குல பல இடத்துல இருந்துச்சு. அதுல அலகாபாத் தூண் ரொம்ப முக்கியம், ஏன்னா அதே கல்லுல மூணு காலத்து ஆளுங்க எழுதியிருக்காங்க: அசோகன் எழுதினது, அதுக்கு ஏறக்குறைய 600 வருஷம் கழிச்சு சமுத்திரகுப்தன் எழுதினது, அப்புறம் ஜஹாங்கீர் காலத்து பாரசீகம். (சமுத்திரகுப்தன் பகுதியில காஞ்சி விஷ்ணுகோபனைத் தோற்கடிச்ச சேதி வருதே, அதே தூண்தான்.) 1780கள்லயே சார்லஸ் வில்கின்ஸ் கயா பக்கத்துக் குகைக் கல்வெட்டுகளைப் படிச்சு குப்தர் காலத்தை ஒட்டின எழுத்துக்கு வழி போட்டுட்டார், 1834 வாக்குல அலகாபாத் தூணோட குப்தர் பகுதியையும் படிச்சாங்க. இப்படி இன்னிக்கு இருக்கிற நாகரியிலேர்ந்து பின்னாடி பின்னாடி நடந்து குப்தர் வரைக்கும் போயாச்சு, அதுக்குப் பின்னாடி இருந்த அந்த முதல் எழுத்து மட்டும் நகரவே மாட்டேங்குது.

நாணயசாலை ஆளு போட்ட அட்டவணை

பிரின்செப் மொழி படிச்ச பேராசிரியர் கிடையாது. 1799ல பிறந்தவர், 20 வயசுல கல்கத்தா வந்து, பனாரஸ் நாணயசாலையில பத்து வருஷம் இருந்து, அப்புறம் கல்கத்தா நாணயசாலையில தங்கம் வெள்ளியோட தரம் பாக்கிற அதிகாரி ஆனார். எடை, அளவு, கலப்படம் இதெல்லாம் நுணுக்கமா பாக்கிறதுதான் தொழில். 1832லேர்ந்து கல்கத்தாவுல இருந்த ஆராய்ச்சிச் சங்கமான ஆசியக் கழகத்தோட செயலாளர், அவங்க ஜர்னலையும் இவரே நடத்தினார், நாடு முழுக்க இருந்த ராணுவ ஆளுங்க, இன்ஜினியர்கள், பாதிரியார்கள் எல்லாரும் எங்க கல்வெட்டைப் பாத்தாலும் நகல் எடுத்து இவருக்கு அனுப்பினாங்க. என் கருத்துல இந்த கேஸ்ல பாதி வெற்றி இந்தத் தபால்லயே இருக்கு, ஒரு மேஜைக்கு இத்தனை ஊர் கல்வெட்டும் வந்து சேர்ந்தது அதுக்கு முன்னாடி நடக்கவே இல்ல.

1834ல அலகாபாத் தூணோட பழைய பகுதியை எடுத்து வச்சுக்கிட்டு, படிக்க முயற்சி பண்ணாம முதல்ல எழுத்தை எண்ண ஆரம்பிச்சார். எந்தக் குறி எத்தனை தடவை வருது, ஒவ்வொரு குறியோடயும் ஒட்டிக்கிட்டு வர்ற சின்னக் கோடுங்க என்னென்னன்னு அட்டவணை போட்டார். அப்போ ஒண்ணு தெரிஞ்சுது, அடிப்படைக் குறி ஒண்ணு, அதுக்கு வலது பக்கம் ஒரு கோடு, மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு, இடது பக்கம் ஒரு கோடுன்னு ஒரே மாதிரி அஞ்சு விதமான மாத்தம் பெரும்பாலான எழுத்துக்கும் வருது. நமக்கு இது சொல்லாமலே புரியும், க கா கி கு கெ தான் அது, உயிர்மெய் வரிசை. ஆக இது கிரேக்கம் இல்ல, இந்திய எழுத்துக் குடும்பம்னு ஒரு எழுத்துகூட படிக்காமலே முடிவு பண்ண முடிஞ்சுது. எனக்கு இந்தக் கட்டம் ரொம்பப் பிடிக்கும், அர்த்தம் தெரியறதுக்கு முன்னாடியே அமைப்பு தெரிஞ்சுடுச்சு.

நேபாளத்துல இருந்த பிரிட்டிஷ் அதிகாரி ஹாட்ஜ்சன் பீகார் வடக்குல இருக்கிற தூண்களோட நகலை அனுப்பினதும் டெல்லி, அலகாபாத், பீகார் எல்லாத்துலயும் ஒரே வாசகம்தான்னு தெரிஞ்சுது, அதோட ஒவ்வொரு பத்தியும் ஒரே 15 எழுத்துத் தொடரோட ஆரம்பிக்குதுன்னும் தெரிஞ்சுது. என்னன்னுதான் தெரியல. பம்பாய் பக்கம் ஸ்டீவன்சன்ங்கிற பாதிரியார் சில எழுத்தைச் சரியாவே பிடிச்சார், ஆனா மொழி சமஸ்கிருதம்னு நினைச்சுப் படிச்சதால வார்த்தை சேரல. உண்மையில அது பிராகிருதம், மக்கள் பேசின மொழி.

நடுவுல 1836ல இன்னொரு உதவி வந்துச்சு, இதைப் பல பேர் சொல்ல மறந்துடுறாங்க. ஆப்கானிஸ்தான் பக்கம் ஆண்ட அகதாக்ளிஸ்ங்கிற கிரேக்க அரசனோட நாணயத்துல ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் இந்தப் பழைய எழுத்து. ஜெர்மனியில பான் நகரத்துல இருந்த கிறிஸ்டியன் லாசன் அதை ராஜனே அகதுக்லேயஸ, அதாவது அகதாக்ளிஸ் அரசனோடதுன்னு படிச்சார். ரொசெட்டா மாதிரி ஒண்ணு வேணும்னா இந்தச் சின்னக் காசுதான், ஆனா ஒரு பேரும் ஒரு பட்டமும் மட்டும் இருக்கிற காசுல எத்தனை எழுத்து கிடைச்சுடும்? சில எழுத்து உறுதியாச்சு, அவ்வளவுதான். தூணு அப்பவும் வாயைத் திறக்கல.

1837 மே

இப்போ சாஞ்சி. மத்தியப் பிரதேசத்துல விதிஷா பக்கம், அப்போ பில்சான்னு சொல்வாங்க. அங்க இருந்த பெரிய ஸ்தூபியைச் சுத்தி இருக்கிற கல்வேலி ஆள் உயரத்தைத் தாண்டி நிக்கும், நிறுத்துக்கல்லு, குறுக்குக்கல்லு, மேல மூடுகல்லுன்னு பாகம் பாகமா சேர்த்தது, கிட்டப் போய்ப் பாத்தீங்கன்னா பல கல்லுலயும் ஒரு சின்ன வரி வெட்டியிருக்கும். பெரிய எழுத்துகூட இல்ல, அலங்காரமும் இல்ல, தூணுல இருக்கிற அரச எழுத்து மாதிரி ஒரே அளவாவும் இருக்காது. கேப்டன் எட்வர்ட் ஸ்மித்ங்கிற இன்ஜினியர் இதையெல்லாம் நகல் எடுத்து கல்கத்தாவுக்கு அனுப்பினார்.

பிரின்செப் அந்தத் துண்டு துண்டு நகலையெல்லாம் ஜர்னல்ல அச்சடிக்கிறதுக்காக ஒரே தட்டுல வரிசையா அடுக்கிக்கிட்டிருந்தார். படிக்க உக்காரல, அச்சுக்கு அடுக்குறார், அவ்வளவுதான். அடுக்கும்போதுதான் கண்ணுல படுது, எல்லா வரியும் ஒரே ரெண்டு எழுத்துல முடியுது. முன்னாடி இருக்கிறது மாறுது, கடைசி ரெண்டு மட்டும் மாறல.

அங்கேர்ந்து அவர் யோசிச்ச விதத்தை அவரே ஜர்னல்ல எழுதியிருக்கார். தனித்தனிக் கல்லு, தனித்தனி வரி, அப்போ இது ஒரு நீளமான சேதியோட பகுதியா இருக்க முடியாது, ஒவ்வொண்ணும் தனியா முழுசா முடியற சேதி. ஒண்ணு இறந்தவங்க நினைவா இருக்கணும், இல்லன்னா பக்தர்கள் கொடுத்த காணிக்கையா இருக்கணும், பர்மா பக்கம் பௌத்தக் கோயில்கள்ல கொடிமரம், சிலை, குட்டிக் குட்டி சைத்தியம்னு நெருக்கி வச்சு ஒவ்வொண்ணுலயும் கொடுத்தவங்க பேர் போட்டிருக்குமே, அந்த மாதிரி. நம்ம கோயில் ட்யூப்லைட்டுல உபயம்னு போட்டு பேர் எழுதுறதும் அதே வழக்கம்தானே. சரி காணிக்கைன்னு வச்சுக்கிட்டா, கடைசி வார்த்தைக்கு முன்னாடி பெரும்பாலும் ஒரே எழுத்து வருது, அது ஸ-ன்னு அவருக்கு ஏற்கெனவே தெரியும். அதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடிதான் சௌராஷ்டிர நாணயங்களைப் படிச்சு முடிச்சிருந்தார், அதுல பேருக்குப் பின்னாடி ஸ வந்தா இன்னாரோடன்னு அர்த்தம். ஆக வரியோட அமைப்பு இன்னாரோட ஏதோ ஒண்ணு. அந்த ஏதோ ஒண்ணுல முதல் எழுத்துக்கு ஆ-கார கோடு இருக்கு, ரெண்டாவது எழுத்துக்குப் பக்கத்துல அனுஸ்வாரப் புள்ளி இருக்கு. ரெண்டு எழுத்து, முதல்ல நெடில், கடைசியில ம் ஒலி, காணிக்கை சம்பந்தப்பட்டது. தானம்!

அந்த ஒரு வார்த்தையில த-வும் ந-வும் கிடைச்சுது, அதுக்கப்புறம் மிச்சம் நிமிஷக்கணக்குலதான், சில நிமிஷத்துலயே மொத்த எழுத்தும் கைக்கு வந்துடுச்சுன்னு எழுதியிருக்கார். அவர் நிமிஷம்னு சொன்னாலும் அதுக்குப் பின்னாடி மூணு வருஷ அட்டவணை இருக்கு, உயிர்க்கோடு எதுன்னு 1834லயே தெரியாம இருந்திருந்தா அந்த ஆ-காரத்தை இப்போ எப்படிப் பிடிச்சிருப்பார்? 1837 மே 23ஆம் தேதி, அப்போ 23 வயசு இளைஞரா இருந்த அலெக்சாண்டர் கன்னிங்காமுக்கு அனுப்பின கடிதத்துல பில்சா கல்வெட்டுதான் வெளிச்சம் காட்டுச்சு, இனி டெல்லி தூணைப் படிக்கலாம்னு குதூகலமா எழுதியிருக்கார். அந்தக் கன்னிங்காம்தான் பின்னாடி 1861ல இந்தியத் தொல்லியல் துறையை ஆரம்பிச்சவர்.

யார் அந்த ஜனங்க? பிக்குணிகள் நிறைய பேர், குடும்பப் பெண்கள், வணிகர்கள், நெசவாளிகள், சுத்துப்பட்டு கிராமம் முழுசா சேர்ந்து கொடுத்ததும் இருக்கு. அதே ஸ்தூபியோட தெற்குத் தோரணத்துல ஒரு வரி, வேதிஸகேஹி தந்தகாரேஹி ரூபகம்மம் கதம், அதாவது விதிஷா ஊர் யானைத்தந்த வேலைக்காரங்க இந்தச் சிற்பவேலையைச் செஞ்சாங்க. பேரரசன் கல்லுல நீளமா பேசினான், ஆனா நீளமா பேசினதே படிக்கிறவனுக்குத் தடையா போச்சு, எங்க வார்த்தை முடியுதுன்னே தெரியல. இந்த ஜனங்க எல்லாரும் ஒரே சட்டத்துல குட்டி வரி எழுதினாங்க, பேர் மட்டும் மாறும், மிச்சம் அப்படியே, அந்தத் திரும்பத் திரும்ப வர்றதுதான் சாவியா ஆச்சு. படிக்கத் தெரியாத எழுத்தை எடுத்து வேலை செய்யறவங்களுக்கு நீளமான ஒரு கல்வெட்டைவிட ஒரே அச்சுல இருக்கிற நூறு துண்டு மேலங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

தூணு என்ன சொல்லுச்சு

அந்த 15 எழுத்துத் தொடர் இப்போ படிச்சுது: தேவானம்பியே பியதஸி லாஜா ஹேவம் ஆஹ. தேவர்களுக்குப் பிரியமான பியதஸி ராஜா இப்படிச் சொல்றான். ராஜா இல்ல, லாஜா, கிழக்குப் பேச்சுல ர எல்லாம் ல ஆயிடும், சமஸ்கிருத அகராதியை வச்சுக்கிட்டு இதைத் தேடியிருந்தா எத்தனை தலைமுறை ஆகியிருக்குமோ. பாலி தெரிஞ்ச ஒரு இலங்கைப் பண்டிதர் பக்கத்துல உக்காந்து உதவினார், சமஸ்கிருதப் பக்கத்துக்கு கமலாகாந்த வித்யாலங்கார் போன்றவங்க அதுக்கு முன்னாடியே பல வருஷமா உதவி பண்ணியிருக்காங்க. இவங்க பேரெல்லாம் பாடப்புத்தகத்துல வராதது எனக்கு வருத்தம்தான், மொழி தெரிஞ்ச ஆள் இல்லாம வெறும் எழுத்தை மட்டும் வச்சு என்ன பண்ண முடியும்?

எழுத்து படிச்சாச்சு, ஆனா பியதஸி யாரு? அப்படி ஒரு ராஜா புராணப் பட்டியல்ல இல்ல. இலங்கையில தேவானம்பிய திஸ்ஸன்னு ஒரு அரசன் இருந்ததால பிரின்செப் முதல்ல அவன்தான்னு நினைச்சார். அதைத் திருத்தினது இலங்கை அரசுப் பணியில இருந்த ஜார்ஜ் டர்னர், மகாவம்சத்தை மொழிபெயர்த்தவர். இன்னொரு இலங்கை வரலாற்று நூலான தீபவம்சத்துல பியதஸ்ஸின்னா சந்திரகுப்தனோட பேரன், பிந்துசாரனோட மகன் அசோகன்னு இருக்கிறதை எடுத்துக் காட்டினார். கல்லுலயே அசோகன்ங்கிற பேர் கிடைக்க 1915 வரைக்கும் ஆச்சு, கர்நாடகாவுல மஸ்கியில தங்கச் சுரங்கத்துக்கு இடம் பாத்துக்கிட்டிருந்த பீடன்ங்கிற இன்ஜினியர் கண்ணுல பட்ட பாறையில தேவானம்பியஸ அசோகஸன்னே இருந்துச்சு.

1838ல பிரின்செப் குஜராத் கிர்னார் பாறையையும் ஒடிசா தௌலி பாறையையும் பக்கத்துல வச்சுப் பாத்தார், ரெண்டும் பெரும்பாலும் ஒரே வாசகம், கிர்னார்ல அந்தியோக்கஸ், டாலமி மாதிரி கிரேக்க அரசர்கள் பேர். இவங்க காலம் ஐரோப்பிய வரலாற்றுல உறுதியா தெரியும்ங்கிறதால அசோகன் காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டுன்னு பிடிபட்டுச்சு. இந்திய வரலாற்றோட மொத்தக் காலக்கணக்கும் இந்த ஆணியிலதான் தொங்குது. அதே வருஷக் கடைசியில உடம்பு முடியாம கப்பல் ஏறினவர் 1840 ஏப்ரல்ல லண்டன்ல இறந்துட்டார், 40 வயசு.

அந்தப் பட்டியல்ல இருந்த ஒரு புரியாத பேர்

கிர்னார் பாறையோட ரெண்டாவது ஆணையில அசோகன் தன் எல்லைக்கு வெளிய இருக்கிறவங்க பேரைச் சொல்றான், சோட, பாட, ஸதியபுதோ, கேதலபுதோ, தம்பபம்ணி. சோழர், பாண்டியர், சேரர், தாமிரபர்ணி அதாவது இலங்கை எல்லாம் சுலபமா புரிஞ்சுது. ஸதியபுதோ யாருன்னு மட்டும் புரியல, நூறு வருஷத்துக்கு மேல ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு குலம் சொன்னாங்க.

இதுக்கு நடுவுல நம்ம மதுரைப் பக்கக் குகைகள்ல இருந்த பிராமியும் தனிப் பிரச்சினையா இருந்துச்சு. மாங்குளத்தை ராபர்ட் சீவெல் 1882லயே பாத்துட்டார், எழுத்து பிரின்செப் படிச்ச எழுத்து மாதிரிதான், ஆனா பிராகிருதம்னு நினைச்சுப் படிச்சா பொருள் கூடல. 1924ல கே.வி. சுப்ரமணிய அய்யர்தான் இது தமிழ்னு காட்டினார், பிராகிருதத்துல இல்லாத ழ, ள, ற, ன இதுல தனி வடிவத்துல இருக்கு, வர்க்க எழுத்துங்க (வடமொழியில க-வுக்கே நாலு ஒலி இருக்கே, அந்த மாதிரி) வர வேண்டிய இடத்துல வரலன்னு எடுத்துச் சொன்னார். அப்புறம் ஐராவதம் மகாதேவன் 1960கள்ல மாங்குளத்துல நெடுஞ்செழியன் பேரைப் படிச்சார், எழுத்துமுறையையும் விளக்கினார். அந்தக் காலத்துத் தமிழ்ல கோடு இல்லாத எழுத்துன்னா வெறும் மெய், அ ஒலி வேணும்னாலே கோடு போடணும், அதனால மகன்ங்கிறது பாக்க மாகான மாதிரி இருக்கும். பிரின்செப் 1834ல எண்ணின அதே கோடுதான், தெற்குல அதோட வேலை வேற. இங்கயும் படிக்க வழிகொடுத்தது தானக் கல்வெட்டுதான், வெள்ளறை நிகமத்து (வணிகர் சங்கத்து) வணிகர்கள், அழகர்மலையில மதுரைப் பொன்கொல்லன், புகளூர்ல கருவூர்ப் பொன்வாணிகன், துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்துட்டுப் பேர் போட்டவங்க.

1981ல திருக்கோவிலூர் பக்கம் ஜம்பைங்கிற ஊர்ல ஒரு குகையில ஒரே ஒரு வரி கண்டுபிடிச்சாங்க: ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி, அதாவது ஸதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த தங்குமிடம். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தானே அந்தத் தகடூர் அதியமான் மரபு. எழுத்தமைதியை வச்சு கி.பி. 1ஆம் நூற்றாண்டு வாக்குலன்னு மகாதேவன் கணிச்சார், அசோகனுக்கு சுமார் 300 வருஷம் பின்னாடி. கிர்னார் பாறையில புரியாம நின்ன ஸதியபுதோ அதியமான்கள்தான்னு அந்த வரியோட பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏத்துக்கிட்டாங்க, அதுவும் யாரோ யாருக்கோ தங்க இடம் கொடுத்ததைச் சொல்ற சின்ன தானக் கல்வெட்டுதான்.